வலிக்காத புண்

சிபிலிஸ் என்னும் பால்வினை நோய், 1905ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஷாடின், ஹாஃப்மன் ஆகியோர் கண்டறிந்த, திருகு வடிவம் கொண்ட ட்ரெபோனிமா பாலிடம் என்ற நுண்கிருமியால் வருவது. கிருமி உடலில் புகுந்து ஏறக்குறைய 3 வாரங்களில் தோன்றும் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை; மருந்தில்லாமலே ஆறியும் விடுகிறது. பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்புகள் எழுந்து தாமாகவே மறைவதால், நோய் போய்விட்டது என்று நோயாளி நம்பியிருக்க, கிருமியோ உடலுக்குள் தங்கிப் பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும்.

கர்ப்பிணியிடமிருந்து இது கருவுக்கும் தொற்றி, கருச்சிதைவு, இறந்து பிறத்தல், பிறவிக் குறைபாடு ஆகியவற்றை உண்டாக்குகிறது. 2022இல் உலகெங்கும் சுமார் 7 லட்சம் பிறவி சிபிலிஸ் நேர்வுகள் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்நோய் சமவெளியிலும் மலையிலும் ஒன்றுதான்; மலைக்கென்று தனி நோய் இல்லை. சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில் வெள்ளக்கடை போன்ற ஊர்களில் வேறுபடுவது பரிசோதனைக்குச் செல்லவேண்டிய தொலைவுதான். காப்பித் தோட்டக் கூலியை ஒருநாள் இழந்து, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலத்துக்குப் போய் வரவேண்டிய பரிசோதனை, பலருக்குத் தள்ளிப்போடும் பரிசோதனையாகவே முடியும். இங்குதான் விரைவுப் பரிசோதனை அட்டை பயன்படுகிறது: விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை அதில் இட்டால், அரைமணி நேரத்துக்குள் கோடு விழுந்தோ விழாமலோ முடிவு தெரிந்துவிடும். ஆயினும் முன்பே சிகிச்சை பெற்றுக் குணமானவருக்கும் அக்கோடு விழக்கூடும் என்பதால், வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

விழிப்புணர்வு பொதுமக்களுக்கு மட்டும் போதும் என்று கருதுவது தவறு. தொடக்கநிலை நோய்க்கு 24 லட்சம் யூனிட் பென்சாதின் பென்சிலின் ஊசி ஒன்றே போதுமானதாயிருந்தும், ஒவ்வாமைக்கு அஞ்சி அதைப் போடத் தயங்கும் சுகாதாரப் பணியாளர்கள் உண்டு. கடும் ஒவ்வாமை அரிது. அட்ரினலின் மருந்தைக் கைவசம் வைத்திருந்தால் சமாளிக்கக்கூடியது. கருவிலுள்ள குழந்தையைக் காப்பதாக உறுதிப்பட்ட மருந்தோ பென்சிலின் ஒன்றுதான். மனைவிக்கு ஊசி போட்டுக் கணவரைப் பரிசோதிக்காமல் விட்டால், நோய் திரும்பவும் அதே வீட்டுக்குள் வரும்.

தாயிடமிருந்து சேய்க்கு சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் பரவுவதை ஒழித்த நாடாக, அண்டையிலுள்ள இலங்கைக்கு 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கர்ப்பிணிகள் அனைவரையும் தொடக்க மாதங்களிலேயே பரிசோதித்ததே அதற்கு அடிப்படை. தமிழகத்தாலும் இது இயலாததன்று. கருவுற்றவர்கள் முதல் பரிசோதனையிலேயே சிபிலிஸ் சோதனையைக் கேட்டுப் பெறவேண்டும். வெளியில் சொல்லக் கூசுபவர்கள் 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.