மாடு, ஆடு அனர்த்தத்தில் இறந்தால் அரச நட்டஈடு பெறுவது எப்படி?

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நகர்ந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. அவற்றைக் கொன்றது வெள்ளம் அல்ல, குளிர்காற்றும் மழையும்தான். கொட்டில் இல்லாமல் வெளியில் நின்ற மாடுகளும் ஆடுகளுமே பெரும்பாலும் இறந்தன. மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டு வளர்க்கும் நெடுந்தீவு போன்ற இடங்களில் இந்த ஆபத்து அதிகம். மீளக்குடியமர்ந்து இரண்டு மாட்டுடன் வாழ்க்கையைத் தொடங்கும் குடும்பத்துக்கு ஒரு கறவைப் பசு போனால் மாத வருமானமே போய்விடும்.

அனர்த்தத்துக்கு முன்னரே செய்ய வேண்டியவை

நட்டஈடு கேட்கும்போது முதலில் எழும் கேள்வி, “இந்த மாடு உங்களுடையதா?” என்பதே. ஆகவே ஊர் திரும்பியதும் உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பண்ணையாளராகப் பதிவு செய்யுங்கள். மாட்டின் காதில் இலக்கத் தகடு போடச் சொல்லுங்கள். நிறுவனங்கள் தந்த மாடு, ஆடுகளையும் பதிவு செய்ய வேண்டும். கையளிப்புக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். கன்று ஈன்றால் அதையும் பதிவில் சேர்ப்பியுங்கள்.

கால்நடை இறந்தால்

1. உடனே புதைக்க வேண்டாம். முதலில் கிராம அலுவலருக்கும் கால்நடை வைத்தியருக்கும் அறிவியுங்கள். வைத்தியர் பார்த்து உறுதிப்படுத்தினால்தான் விண்ணப்பம் வலுப்பெறும்.
2. படகு ஓடாத நாளில் வைத்தியர் தீவுக்கு வர முடியாமல் போகலாம். அப்போது தொலைபேசியில் அறிவித்து, காதுத் தகடு தெரியும்படி படம் எடுத்து, அயலவர் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு புதையுங்கள். தகட்டைக் கழற்றி வைத்திருங்கள்.
3. கிணற்றுக்குத் தூரமாக, ஆழமாகப் புதையுங்கள். இறந்த கால்நடையின் இறைச்சியை உண்ணவோ விற்கவோ கூடாது. 2022இல் வடக்கு, கிழக்கிலிருந்து இறைச்சி கொண்டு செல்வதையே அரசு தடை செய்தது.
4. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பதிவு அட்டை ஆகியவற்றின் பிரதிகளுடன் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். ஒரு பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

எந்தப் பிரதேச செயலகம்?

நயினாதீவு, புங்குடுதீவு, மண்டைதீவு: வேலணை.
அனலைதீவு, எழுவைதீவு: ஊர்காவற்றுறை.
நெடுந்தீவுக்குத் தனிச் செயலகம் உண்டு.

எவ்வளவு கிடைக்கும்?

நிலையான தொகை எதுவும் இல்லை. ஒவ்வொரு அனர்த்தத்தின் பின்னும் அரசு வெளியிடும் சுற்றறிக்கையே தொகையையும் தகுதியையும் தீர்மானிக்கும். “இவ்வளவு வாங்கித் தருகிறேன்” என்று சொல்லும் தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்று தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் செயலகத்திடம் எழுத்தில் கேட்கலாம்.

யுத்தத்தில் இழந்த கால்நடைகள்

இடம்பெயர்ந்தபோது கைவிட்டுவந்த பட்டிக்கு அனர்த்த நட்டஈடு பொருந்தாது. யுத்தகால இழப்புகளைக் கையாள்வது 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டுக்கான அலுவலகம். அது வேறு விண்ணப்பம். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுத வேண்டாம்.

அவசர அறிவித்தலுக்கு: அனர்த்த முகாமைத்துவ நிலையம், தொலைபேசி 117.