அடுத்த தீயணைப்பு வண்டி எங்கே?

பாதை முடிகிற இடத்தில் ஜீப்பை இறக்குபவர்கள் பஞ்சருக்குத் தயார், மணலில் புதைவதற்கும் தயார். தீக்குத்தான் தயாரில்லை.

மணாலியிலிருந்து லே செல்லும் வழியில், லாஹௌல் பள்ளத்தாக்கில் இருக்கிறது டாண்டி. அங்குள்ள பெட்ரோல் பங்க்கின் அறிவிப்புப் பலகை பயணிகளிடையே பல ஆண்டுகள் பிரசித்தம். அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று எச்சரித்த பலகை அது. படித்தவர்கள் டாங்க்கை நிரப்பினார்கள். கேன்களையும் நிரப்பி வண்டியின் கூரையில் கட்டினார்கள். அடுத்த தீயணைப்பு நிலையம் எத்தனை கி.மீ. என்று பலகை சொல்லவில்லை. கேட்டவர்களும் அதிகமில்லை.

1999ல் ரெய்ட் டி ஹிமாலயா பந்தயம் தொடங்கியபோது கரடுமுரடான தடங்களில் வண்டி ஓட்டுவது ஒரு சிலரின் சாகசம். இன்று அது விடுமுறைப் பொழுதுபோக்கு. லடாக்கின் கணவாய்கள், ஜெய்சால்மரின் மணல்மேடுகள், கேரளத்தின் வாகமண் குன்றுகள் என்று எங்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள். நகரத்தில் கார் தீப்பிடித்தால் 101ஐ அழைக்கலாம். இந்த இடங்கள் பலவற்றில் செல்போனுக்கு சிக்னலே கிடையாது. தீயணைப்பு வீரரும் ஓட்டுநரே.

மோதினால்தான் வண்டி எரியும் என்பது சினிமா சொல்லித்தந்த பாடம். காட்டுத் தடத்தில் தீ பெரும்பாலும் சத்தமில்லாமல், வண்டியின் அடிவயிற்றில் பிறக்கிறது.

வயிற்றில் வைக்கோல்

தார் பாலைவனத்தில் சேவண் புல், மலைச்சரிவுகளில் கோடையில் காய்ந்த புதர். இவற்றின் மீது வண்டி ஓடும்போது சருகும் வைக்கோலும் சைலன்சர் குழாய்க்கும் சேஸிக்கும் இடையே சென்று அடைகின்றன. அங்கேதான் வெப்பம் அதிகம். 1995ல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமான கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சாதாரணமாகவே 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். என்ஜின் சரியாக எரியாமல் 'மிஸ்' ஆனால் 800 டிகிரியையும் தாண்டலாம். 2020ல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பின் டீசல் வண்டிகளிலும் கரித்துகள் வடிகட்டி வந்துவிட்டது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது சுமார் 600 டிகிரியில் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்கிறது. காய்ந்த புல் பற்றிக்கொள்ள அதில் பாதி வெப்பம் போதும்.

ஆஸ்திரேலியப் பாலைவனங்களில் பிசின் நிறைந்த ஸ்பினிஃபெக்ஸ் புல் இப்படித்தான் பல வண்டிகளைச் சாம்பலாக்கியிருக்கிறது. அங்கே விவரமறிந்த ஓட்டுநர்கள் அடிக்கடி நிறுத்தி, குனிந்து பார்த்து, கம்பியால் புல்லைக் குத்தி எடுத்த பிறகே நகர்கிறார்கள்.

ஓடும்வரை காற்று குளிர்விக்கிறது. முதல் கியரில் மணல்மேடு ஏறிவிட்டு நிறுத்தும்போதுதான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் உயரமான காய்ந்த புல்மீது வண்டியை நிறுத்துவது தீக்குச்சி கிழிப்பதற்குச் சமம்.

கேனும் வயரும்

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. கீழே இறுக மூடிய கேன் மேலே உப்பி நிற்பது அதனால்தான். என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, வண்டியிலிருந்து தள்ளிவைத்து மெல்லத் திறக்க வேண்டும். கேனை நிரப்பும்போது தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். இல்லையெனில் நிலைமின்சாரப் பொறி போதும். பயணிகள் உட்காரும் இடத்தில் கேனுக்கு இடமில்லை.

அடுத்த எதிரி, ஆசைக்குப் பொருத்திய கூடுதல் விளக்குகள். பியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வயர், குலுக்கலில் சேஸியோடு உரசி உறை கிழிந்தால் உடனே ஷார்ட் சர்க்யூட். புதைந்த வண்டியை இழுக்கும் வின்ச் முழு பாரத்தில் 400 ஆம்பியர்வரை உறிஞ்சும். பேட்டரியை ஒட்டியே ஒரு துண்டிப்பு ஸ்விட்ச் இருந்தால் பெரும் சேதம் தவிரும்.

சில விநாடிகளே

பலரிடம் தீயணைப்பான் இருக்கிறது. எங்கே? டிக்கியில், பெட்டிகளுக்கும் கூடாரத்துக்கும் அடியில். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி ராலி கார்களில் பவுடர் தீயணைப்பான் குறைந்தது 2 கிலோ இருக்க வேண்டும்; கடும் மோதலிலும் பிடி விடாத உலோகப் பட்டைகளால் பொருத்தப்பட்டு, ஓட்டுநருக்கு எட்ட வேண்டும். பொழுதுபோக்கு ஓட்டுநர்களுக்கும் அதுவே நல்ல அளவுகோல். ஒரு கிலோ சிலிண்டர் பத்து விநாடிக்குள் தீர்ந்துவிடும். குலுக்கலில் பவுடர் அடியில் இறுகிவிடும் என்பதால் மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுவதும், முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

புகை வந்தால் வரிசை இதுதான்: புல் இல்லாத இடத்தில் நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். எல்லோரும் இறங்கி, காற்று வரும் திசையில் 30 மீட்டராவது விலக வேண்டும். பானெட்டை முழுதாகத் திறந்தால் தீக்குக் காற்று கிடைக்கும். கொக்கியை மட்டும் விடுவித்து இடுக்கு வழியே அடிக்க வேண்டும். குறி சுவாலையின் அடிப்பகுதி. எரியும் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். சிலிண்டர் தீர்ந்தும் அணையவில்லை என்றால் வண்டியைக் கைவிடுவதே புத்திசாலித்தனம். டயரும், டாங்க்கும், ஏர்பேக்கும் வெடிக்கக் காத்திருக்கின்றன.

வண்டி எரிந்தபின் இன்னொரு பிரச்சினை தொடங்குகிறது. லடாக்கில் இரவுக் குளிர், தாரில் பகல் வெயில். நிழலும் கூரையுமாக இருந்தது அந்த வண்டிதான். எனவே தண்ணீர், கம்பளி, மருந்து, போன் எல்லாம் ஒரே பையில் கதவருகே இருக்க வேண்டும். எரிந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் பணம் வரலாம். அதை வாங்க ஓட்டுநர் வீடு திரும்ப வேண்டும்.