கமராவிற் படச்சுருள் ஏற்றுதல்

திருமண வீடொன்றிற் படம் பிடிப்பவர் 36 முறை விசையை அழுத்தியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஷட்டர் திறந்து மூடும் ஒலி கேட்டிருக்கும். எண்காட்டியும் ஒழுங்காக முன்னேறியிருக்கும். ஆயினும், கழுவிப் பார்க்கும்போது சுருள் முழுவதும் வெறுமையாயிருத்தல் கூடும். கமராவிற் பழுது யாதுமில்லை. உள்ளே சுருள் நகரவேயில்லை. கையால் இயக்கும் கமராவைப் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டிய முதற் பாடம் இதுவே.

35 மில்லிமீற்றர் அகலமுள்ள இச்சுருள் முதலிற் சலனப்படத்துக்கென அமைந்தது. ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரில், லைற்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஒஸ்கார் பார்னாக் அதற்கேற்ற சிறிய கமராவை உருவாக்கினார். லைக்கா எனப்படும் அக்கமரா 1925ஆம் ஆண்டு வெளிவந்தது. தொடக்கத்திற் சுருளை இருட்டறையில் வைத்தே உறையில் அடைக்க வேண்டியிருந்தது. 1934ஆம் ஆண்டு கொடாக் நிறுவனம், பகலொளியிலேயே ஏற்றத்தக்க உறையிற் சுருளை அடைத்து விற்பனைக்கு விட்டது. அவ்வமைப்பே இன்றும் வழக்கிலுள்ளது.

பகலொளியில் ஏற்றலாமெனினும், நேர்வெயில் ஆகாது, நிழலே உகந்தது. பின்கதவைத் திறக்குமுன், இடப்புறத்தில் உள்ள மீள்சுற்றுக் குமிழை அம்புக்குறியின் திசையில் மெல்லத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். தடை தோன்றினால் உள்ளே வேறொரு சுருள் இருக்கிறது எனக் கொள்க; கதவைத் திறத்தல் கூடாது.

பெரும்பாலான கமராக்களில் அக்குமிழை மேலே இழுத்தாற் கதவு திறக்கும். உறையை இடப்புற அறையில் வைத்துக் குமிழைக் கீழே அழுத்துக. சுருளின் நாக்குப் போன்ற முனையை வலப்புறத்து உருளையின் பிளவிற் செருகி, நெம்புகோலை மெதுவாக இழுக்க வேண்டும். ஷட்டரின் திரை மிக மெல்லியது; அதில் விரல் படலாகாது.

சுருளின் இரு ஓரங்களிலும் துளைகள் உள்ளன. பற்சக்கரம் அத்துளைகளைப் பற்றி, எட்டுத் துளை நீளம் நகர்த்தும்போது ஒரு படத்துக்குரிய இடம் முன்வருகிறது. நாக்கில் ஓரத்துத் துளைகள் ஒரு பக்கத்தில் மட்டுமே உண்டு. ஆதலால், இரு பக்கத் துளைகளும் பற்களிற் பொருந்தும்வரை சுற்றிய பின்னரே கதவை மூடுதல் தகும்.

மூடியதும் குமிழை அம்புக்குறியின் திசையில் மெல்லத் திருப்பி, சிறு தடை தோன்றியவுடன் நிறுத்துக. சுருளின் தளர்வு அதனால் நீங்கும். பின்னர் நெம்புகோலை இழுக்கையில் அக்குமிழ் எதிர்த்திசையிற் சுழல வேண்டும். சுழன்றாற் சுருள் நகர்கிறது. சுழலாவிடின், முனை பிளவிலிருந்து நழுவிவிட்டது. எண்காட்டியை நம்புதல் போதாது. அது கமராவின் பொறி இயங்குவதைக் காட்டுமேயன்றிச் சுருள் ஓடுவதைக் காட்டாது. இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்திக் காட்டும் சாட்சி குமிழ் ஒன்றே.

ஒளி பட்டிருக்கக்கூடிய முதற் பகுதியைக் கழிப்பதற்கு இரண்டு மூன்று முறை விசையை அழுத்திச் சுற்றிய பின், சுருளின் உறையிற் குறித்த ஒளியுணர்வு எண்ணைக் கமராவிற் பொருத்துதல் வேண்டும். அதன்பின் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் முன்னர், நெம்புகோலை இழுக்கும்போதே குமிழையும் ஒருமுறை நோக்குவது நன்று. நழுவிய சுருளை மீண்டும் ஏற்றலாம்; கடந்துபோன காட்சியை மீண்டும் எடுக்க இயலாது.