நாலு நட்டு போதும்

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்ன திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் சக்கரத்தைக் கழற்ற நான்கு நட்டுகளைத் திருகினால் போதும். முந்தைய தலைமுறைக் காரில் ஐந்து இருந்தன. காரே லேசாகிவிட்டபோது ஐந்தாவதற்கு வேலையில்லை என்று, 2014-ல் அறிமுகமான நான்காம் தலைமுறையில் அதை எடுத்துவிட்டார்கள். மிச்சமானது சில கிராம்கள்தான். ஆனால் முந்தைய தலைமுறையிலேயே, உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியில் 84 கிராம் குறைத்ததைக்கூடக் கணக்கில் எழுதி வைத்த பொறியாளர்கள் அவர்கள். கிலோக்களைத் தேடாமல் கிராம்களைத் தேடினார்கள்.

விளைவைப் பாருங்கள். 1989-ல் ஜப்பானில் வந்த முதல் எம்எக்ஸ்-5-ன் அடிப்படை வகை 940 கிலோ. 2015-ல் அங்கே விற்பனைக்கு வந்த 1.5 லிட்டர் இன்ஜின் வகை 990 கிலோ. இடைப்பட்ட 26 ஆண்டுகளில் ஏர்பேக்குகள், ஏபிஎஸ் பிரேக், சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு, பக்கவாட்டு மோதல் சோதனை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அத்தனைக்கும் பிறகு ஏறிய எடை 50 கிலோ. நீளமோ முதல் காரைவிடக் கொஞ்சம் குறைந்தே இருக்கிறது. பாதுகாப்பு விதிகள்தான் கார்களைக் குண்டாக்கிவிட்டன என்று புலம்புகிறவர்களுக்கு இந்த ஒரு கார் போதுமான பதில் என்றே நினைக்கிறேன்.

இதன் பின்னால் இருப்பது பள்ளிக்கூட இயற்பியல்தான். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒரு கார் சுவரில் மோதுகிறது. முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறையும் வீதம் சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 16 மடங்கு. சீட் பெல்ட் போட்ட ஆள் தாங்கக்கூடிய அளவு. இந்தக் கணக்கில் காரின் எடை வரவே இல்லை. 1,000 கிலோ காரானாலும் 2,000 கிலோ காரானாலும் உள்ளே இருப்பவருக்கு அதே 16 மடங்குதான்.

எடை நுழைவது அடுத்த கணக்கில். அந்த 60 செ.மீ.க்குள் முன்பகுதி விழுங்க வேண்டிய இயக்க ஆற்றல் 1,000 கிலோ காருக்குச் சுமார் 96 கிலோஜூல்; 2,000 கிலோ காருக்கு அதில் இரண்டு மடங்கு. ஆகவே லேசான காரின் முன்சட்டங்களுக்குப் பாதி வலு போதும். அப்படியானால் சட்டத்தையே மெலிதாகச் செய்யலாம். சட்டம் மெலிந்தால் பிரேக் சிறிதாகும், டயர் சிறிதாகும், இன்ஜின் சிறிதாகும், கடைசியில் சக்கர நட்டு ஒன்று குறையும். எடை எடையைக் கூட்டிக்கொண்டு வருவதுபோல, குறைவும் குறைவைக் கூட்டிக்கொண்டு வரும்.

முன்னும் பின்னும் நசுங்க வேண்டும், நடுவில் ஆட்கள் இருக்கும் கூடு மட்டும் உருக்குலையக் கூடாது என்ற யோசனைக்கு மெர்சிடிஸ் பென்ஸின் பேலா பாரெனி 1951-லேயே காப்புரிமை கோரினார். சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் நசுங்க இடம் குறைவு. அதிலும் திறந்த கார் என்றால் மேலே கூரை இல்லை. கார் உருண்டால் முன்கண்ணாடிச் சட்டமும் இருக்கைக்குப் பின்னால் உள்ள வளையமும்தான் ஆளைக் காக்க வேண்டும். இங்கே கைகொடுப்பது போரான் கலந்த எஃகு. தகட்டைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, குளிர்ந்த அச்சில் அழுத்தி, அச்சுக்குள்ளேயே சட்டென்று ஆற வைக்கிறார்கள். சாதாரண மென் எஃகைவிட நான்கைந்து மடங்கு வலு கிடைக்கிறது. அதே வலுவுக்கு மெல்லிய தகடு போதும். பக்கவாட்டு ஏர்பேக்கைக் கூரையில் தொங்கவிட வழியில்லாததால் இருக்கையின் ஓரத்திலேயே பதித்து, தலை வரை உப்பும்படி செய்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், பாதசாரி. தாழ்ந்த பானெட்டுக்குக் கீழே விரல்கடை தூரத்தில் இன்ஜின் இருந்தால், அடிபட்டவர் தலை தகட்டோடு சேர்ந்து இரும்பில் மோதும். எம்எக்ஸ்-5-ல் பம்பருக்குள் இருக்கும் உணரி ஆள் மோதியதை அறிந்ததும், சின்ன வெடிமருந்துக் குப்பி வெடித்து பானெட்டின் பின்விளிம்பைத் தூக்கிவிடுகிறது. தலைக்கும் இன்ஜினுக்கும் நடுவே நசுங்க இடம் கிடைக்கிறது. ஐரோப்பாவில் புதிய கார்களை மோதிச் சோதித்து மதிப்பெண் தரும் யூரோ என்கேப் அமைப்பின் 2015 சோதனையில் பாதசாரிப் பாதுகாப்புக்கு இந்தக் கார் 93 சதவீதமும், பெரியவர் பாதுகாப்புக்கு 84 சதவீதமும் வாங்கியது. மொத்தத்தில் நான்கு நட்சத்திரம். ஐந்தாவது போனது மின்னணு உதவி வசதிகளில்தான், உடற்கட்டில் அல்ல.

எடையைக் குறைப்பதில் வேறு பாதையில் போனது லோட்டஸ் எலீஸ் என்ற ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள ஹெத்தலில் 1996 முதல் தயாரானது. அலுமினியத்தை வெல்டிங் செய்தால் சூட்டில் இணைப்பின் ஓரம் வலுவிழக்கும். அதை ஈடுகட்டத் தடிமனைக் கூட்ட வேண்டும். பொறியாளர் ரிச்சர்ட் ராக்கமின் குழு அலுமினியச் சட்டங்களை எபாக்சி பசையால் ஒட்டியது. பசை இணைப்பின் முழுப் பரப்பிலும் பாரத்தைப் பரப்பிவிடுவதால் மெல்லிய சட்டமே தாங்குகிறது. சேஸி 68 கிலோ, கார் சுமார் 725 கிலோ. எனக்கு இது அந்த நூற்றாண்டின் மிக அழகான பொறியியல் வேலைகளில் ஒன்று.

அந்த எலீஸ் அமெரிக்காவில் 2011-ல் நின்றது. உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்து விரியும் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஏர்பேக் அங்கே கட்டாயம். லோட்டஸுக்குத் தரப்பட்டிருந்த தற்காலிக விலக்கு அந்த ஆண்டு முடிந்தது. அந்த ஏர்பேக்கால் எடை பெரிதாக ஏறிவிடாது. ஆனால் அதை உருவாக்க கார்களை மோதி மோதிச் சோதிக்க வேண்டும்; அந்தச் செலவைக் குறைந்த எண்ணிக்கையில் விற்கும் காரின் தலையில் கட்ட முடியாது. சின்ன கார்களை முடக்குவது பெரும்பாலும் இந்தப் பணக்கணக்குதான்.

எடையால் உண்மையிலேயே ஆபத்து வருவது சாலையில், எதிரே வரும் வண்டியால். 1,000 கிலோ காரும் 2,000 கிலோ எஸ்யூவியும் தலா 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், உந்த அழிவின்மை விதிப்படி கனமான வண்டியின் வேக மாற்றம் 33 கி.மீ.; லேசான காருக்கு 67 கி.மீ. தன் வீட்டைப் பத்திரமாகக் கட்டியவர் அடுத்தவரின் பருமனுக்கு விலை கொடுக்கிறார். இது அநியாயம்.

இதை யூரோ என்கேப் 2020-ல் கணக்கில் எடுக்கத் தொடங்கியது. அசையாத தடுப்புக்குப் பதிலாக, நசுங்கும் முகப்பு கொண்ட 1,400 கிலோ தள்ளுவண்டி எதிரே 50 கி.மீ. வேகத்தில் வருகிறது, காரும் அதே வேகத்தில் பாதி முகப்பால் அதில் மோதுகிறது. பிறகு அந்தத் தள்ளுவண்டியின் முகப்பையும் அளக்கிறார்கள். அதை மோசமாகக் குத்திக் கிழித்த காருக்கு, உள்ளே இருந்த சோதனைப் பொம்மைகள் நலமாக இருந்தாலும் மதிப்பெண் குறையும்.