கடனட்டையும் நாணயமும்

தமிழிலே நாணயம் என்னுஞ் சொல் இரு பொருள் தருவது. கையிற் புழங்குங் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். கடன் கொடுப்போன் தன் கையிலுள்ள நாணயத்தை எடுத்து நீட்டுமுன், கொள்வோனிடத்தே மற்றை நாணயம் உண்டோ என்று நோக்குவான். ஊர்க் கடைக்காரர் ஒருவர் அரிசிக்கும் சீனிக்கும் உரிய தொகையைக் கொப்பியிற் குறித்துவைத்து மாத முடிவிற் பெற்றுக்கொள்வது அங்ஙனம் நோக்கிய பின்னரே. அவர் எவரிடத்தும் சான்றிதழ் கேட்பதில்லை. ஆளையும் அவர் அறிவார். ஆளின் தகப்பனையும் அறிவார்.

வங்கிக்கு அவ்வறிவு இல்லை. பிரித்தானியர் ஆட்சிக் காலத்திற் கொழும்பிலிருந்த ஐரோப்பிய வங்கிகள் உள்நாட்டு வணிகரின் நிலையைத் தாமாக அறியும் வழியின்றி நாட்டுக்கோட்டைச் செட்டிமாரையே நம்பியிருந்தன. வங்கியிலே உத்தரவாதச் சிறாப்பர் என ஒருவர் இருப்பார். இன்னாருக்குக் கொடுக்கலாம், இன்னாருக்கு இவ்வளவே கொடுக்கலாம் என உரைப்பதும், தாம் உரைத்தவர் கொடாதொழியின் தாமே பொறுப்பேற்பதும் அவர் தொழில். செட்டிமார் வங்கியிற் பெற்ற பணத்தைச் சிறு வணிகர்க்குக் கூடிய வட்டிக்குக் கொடுத்தனர். 1925ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப்பின் வங்கிகள் இக்கொடுக்கல் வாங்கலைச் சுருக்கிக்கொள்ளவே, அதனை நம்பியிருந்தோர் திண்டாடினர். இக்குறைகளை ஆராய்ந்த வங்கி ஆணைக்குழு 1934இல் அறிக்கை வெளியிட்டது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. ஒருவரின் நாணயம் இன்னொருவரின் நினைவில் மட்டும் இருக்குமாயின், அவர் விலகியவுடன் அதுவும் மறைந்துவிடும் என்பதை அக்கால வணிகர் பட்டறிந்தனர்.

நினைவுக்குப் பதிலாக ஏடு வந்தது 1990இல். அவ்வாண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் நிறுவப்பட்டது. தெற்காசியாவில் இத்தகைய பணியகங்களுள் இதுவே முதலாவது. மத்திய வங்கியும் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் இதன் பங்காளர். யார் எங்கே எவ்வளவு கடன்பட்டார், தவணை தவறாது செலுத்தினாரா, தவறினாராயின் எத்தனை நாள் என்பனவற்றை அந்நிறுவனங்கள் இதற்கு அறிவிக்கின்றன. கடன் கேட்டு ஒருவர் வந்தால் வங்கி முதலில் இவ்வேட்டையே புரட்டும். பணியகம் கறுப்புப் பட்டியல் வைத்திருக்கிறது என்று நம்மவர் பேசிக்கொள்வது பிழை. அது எவரையும் தள்ளுவதுமில்லை, கொள்ளுவதுமில்லை, நிகழ்ந்ததைக் காட்டுகிறது. கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிபு.

இங்கே ஒரு விந்தை உண்டு. வாழ்நாளில் ஒரு சதமேனுங் கடன்படாத உத்தமனின் ஏடு வெற்றேடு. அவனுடைய கண்ணியத்தை ஊரறியும், ஏடு அறியாது. முப்பத்தைந்து வயதில் வீடு கட்டுதற்குப் பெருந்தொகை கேட்டு அவன் வங்கிக்குச் செல்லும்போது, அவனைப் பற்றிச் சொல்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. கல்லூரியை விட்டு நீங்கி முதல் வேதனம் பெறும் இளைஞனுக்குச் சிறிய கடனட்டை பயன்படுவது இவ்விடத்தேதான். பொருள் வாங்குவதற்காகவன்றி, ஏட்டில் முதல் வரியை எழுதுவதற்காக என்க.

வேதனம் எந்த வங்கிக்கு வருகிறதோ அவ்வங்கியிற் கேட்பதே எளிது. அவனுடைய வரவு அவ்வங்கிக்குத் தெரியும். நிரந்தர வேதனம் இல்லாதவர், நிலையான வைப்பொன்றை ஈடாகக் காட்டி அட்டை பெறலாம். பல வங்கிகளுக்கு ஒரே வேளையில் விண்ணப்பித்தல் நன்றன்று. ஒவ்வொரு வங்கியும் ஏட்டைப் பார்வையிட்டமை அவ்வேட்டிலேயே பதியும். அடுத்தடுத்துப் பல பதிவுகளைக் காண்போர் இவனுக்கு என்ன முடையோ என்று ஐயுறுவர். கடன் எல்லை சிறிதாயிருத்தல் நலம். வங்கி தானாக முன்வந்து அதனை உயர்த்துவதாகக் கூறினும் வேண்டாமென்று சொல்லலாம். அதனைப் பாராட்டென்று கொள்வோர் பலர்.

அட்டையைப் பயன்படுத்தும் முறை சுருங்கச் சொல்லத்தக்கது. எவ்வாறாயினும் செலவாகும் ஒன்றை, மின்கட்டணம் போன்றதை, அட்டையாற் செலுத்துக. கணக்குக் கூற்று வந்ததும் முழுத்தொகையையும் உரிய நாளுக்குமுன் கட்டுக. அங்ஙனங் கட்டுவோர் வட்டி கொடுக்கவேண்டியதில்லை. மறதி உடையவர் வங்கிக்கு நிலையியற் கட்டளை கொடுத்துவைக்கலாம். அட்டையைக் கொண்டு காசு எடுப்பது மட்டும் வேறு. அதற்கு எடுத்த நாள் தொட்டே வட்டி ஏறும், கட்டணமும் உண்டு.

கூற்றிலே குறைந்தபட்சக் கொடுப்பனவு என்று ஒரு சிறு தொகை குறிக்கப்பட்டிருக்கும். அதனைக் கட்டுவோரின் ஏடு பழுதுறாது, பை பழுதுறும். 2023இல் மத்திய வங்கி கடனட்டை வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 28ஐ மீறலாகாதென வரம்பிட்டது. அவ்வீதத்தையே கொண்டு கணித்துப் பார்ப்போம். கடன் ஒரு இலட்சம் ரூபா. குறைந்தபட்சம் நிலுவையில் நூற்றுக்கு 5 என வைத்துக்கொள்வோம். முதல் மாதத்து வட்டி ஏறத்தாழ 2,333 ரூபா. கட்டுவது 5,117 ரூபா. ஆகவே கடன் குறைவது 2,783 ரூபா மாத்திரமே. புதிதாக ஒன்றும் வாங்காமல் ஓராண்டு இவ்வாறு கட்டிவரின், ஏறக்குறைய 52,800 ரூபா கையைவிட்டுப் போயிருக்கும். கடனோ இன்னும் 71,000 ரூபாவுக்கு மேல் நிற்கும். கணித ஆசிரியர்கள் கூட்டுவட்டிப் பாடத்துக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பழைய பாடநூல்களில் வரும் எண்களைவிட இவை மாணவர் மனத்திற் பதியும்.

அட்டையால் வருங் கேட்டை நாமே வரவழைக்கிறோம். பிறர் வரவழைக்குங் கேடும் ஒன்றுண்டு. அஃது ஆசிரியர்களையும் அரசாங்க ஊழியர்களையும் பெரிதும் சார்வது. உடன் பணிபுரிவோர் கடன் பெறும்போது பிணை நிற்றல் நம்மிடையே ஒரு முகத்தாட்சணியம். தேநீர் வேளையிற் படிவம் நீட்டப்படும், வாசியாமலே ஒப்பமிடுவோம். ஆயின் பணியகத்தின் ஏட்டில் ஒருவர் தாம் பெற்ற கடன்களோடு தாம் பிணை நின்ற கடன்களும் காட்டப்படுகின்றன. நண்பர் தவணை தவறுவாராயின், வங்கி பிணையாளியை நாடும். தம் பிள்ளையின் படிப்புக்கெனப் பின்னொருகாற் கடன் கேட்கச் செல்லும்போது, தாம் ஒரு சதமும் தொடாத அக்கடன் முன்னே வந்து நிற்கும். முன்னாளில் உத்தரவாதச் சிறாப்பர் தரகு பெற்றுக்கொண்டு ஏற்ற பொறுப்பை, நாம் ஒரு கோப்பை தேநீருக்கு ஏற்கிறோம். பிணை நிற்றலே கூடாதென்பது என் கருத்தன்று; அவ்வுதவியின்றி எத்தனையோ குடும்பங்கள் தலையெடுத்திரா. நண்பரின் கடனை நாமே கட்டநேரின் தாங்குவோமா என்று கணக்கிட்ட பின்னரே பேனாவை எடுத்தல் வேண்டும்.

தம்முடைய ஏட்டை எவரும் கேட்டுப் பெறலாம். கட்டித் தீர்த்த கடன் தீராததாகக் காட்டப்படுவதும், பெயரோ அடையாள அட்டை இலக்கமோ மாறியிருப்பதும் நேரக்கூடியன. தவறு கண்டால், பற்றுச்சீட்டுடன் தகவல் கொடுத்த வங்கிக்கும் பணியகத்துக்கும் எழுத்தில் அறிவித்துத் திருத்தக் கோரலாம். பெருங்கடன் கேட்க எண்ணுவோர் இதனைச் சில மாதங்களுக்கு முன்னரே செய்தல் நன்று. திருத்தத்துக்கு நாள் செல்லும்.