சாமக்கொடைக்குள் கதை முடிய வேண்டும்

தெற்கத்திக் கொடை – 6

ஊர் கூடிக் கோயில் கொடை விழாவுக்கு நாள் குறித்ததையும், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டதையும், கால்நாட்டியதையும் இதுவரை பார்த்தோம். இனி பாட்டுக்காரர்கள் வந்து இறங்கும் நேரம்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் ஓரளவு வசதியான கொடை என்றால் வில்லுப்பாட்டு செட்டு ஒன்று, நையாண்டி மேள செட்டு ஒன்று கட்டாயம் உண்டு. சுடலைமாடன் கோயிலாக இருந்தால் கணியான் செட்டும் வரும். காசு புரளும் ஊரில் கரகாட்டமும் சேர்ந்துகொள்ளும். பந்தலிலும் சீரியல் விளக்கிலும் கமிட்டி சிக்கனம் பிடித்தால் ஊர் பொறுத்துக்கொள்ளும். வில்லு வேண்டாம் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்! மேடைக்கு முன்னால் நாலு ஆச்சிமாரும் தூங்கி வழியும் பிள்ளைகளும் மட்டும் இருக்க, தலைமைப் பாடகரான அண்ணாவி குரல் தளராமல் பாடிக்கொண்டிருப்பது தெற்கே சாதாரணக் காட்சி. கதை சாமிக்கு. கூட இருந்து கேட்கும் பாக்கியம் நமக்கு.

அம்மனுக்குச் செவ்வாய், சுடலைமாடனுக்கு வெள்ளி என்பது பொது வழக்கம். முதல் நாள் இரவு குடியழைப்பு. மறுநாள் மதியக் கொடை, அன்றிரவு சாமக்கொடை. அதற்கடுத்த நாள் மஞ்சள் நீராட்டு. இந்தப் பூசைகளுக்கு நடுவே உள்ள நேரம் முழுவதும் பாட்டுக்காரர்களின் கையில்தான்.

வில் ஓர் ஆள் உயரத்தையும் தாண்டும். வைரம் பாய்ந்த பனையிலோ மூங்கிலிலோ செய்து, தோல் நாண் பூட்டி, நெடுக வெண்கல மணிகளைக் கோத்திருப்பார்கள். வைக்கோல் பிரிமணை மேல் மண்குடத்தை வைத்து, அதன் கழுத்தோடு வில்லைச் சேர்த்துக் கட்டுவார்கள். நாணுக்கு முன்னே உட்கார்ந்து அண்ணாவி வீசுகோலால் அடிப்பார். குடக்காரர் மட்டையால் குடத்தின் வாயை அறைவார். உடுக்கும் ஜால்ராவும் கட்டையும் கூடச் சேரும். அண்ணாவி விடும் அடியை வாங்கித் திருப்பிப் பாட இடப்பக்கம் ஓர் ஆள் உண்டு. மொத்தம் ஐந்தாறு பேர். ஒரு வேனில் செட்டு முழுக்க அடங்கிவிடும்.

காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், அப்புறம் கதை, கடைசியில் வாழி. வரிசை இதுதான். ஆனால் எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் என்பது ஏட்டில் எழுதியிருக்காது. அதைக் கோயில் நடைதான் தீர்மானிக்கிறது. உள்ளே பூசாரி அலங்காரம் செய்துகொண்டிருப்பார். பூ வந்திருக்காது, அல்லது தீர்த்தக்குடம் எடுக்கப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் மேடையோரம் வந்து குனிவார்.

“அண்ணாவி, அலங்காரம் முடிய இன்னும் அரைமணி ஆவும் போலுக்கு. கதைய கொஞ்சம் இழுத்துக்கிடுங்க.”

அண்ணாவி தலையை ஆட்டுவார். அவ்வளவு நேரம் வேகமாக ஓடிக்கொண்டிருந்த கதையில் திடீரென ஒரு கல்யாணம் வரும். பெண்ணுக்குப் போட்ட நகை ஒவ்வொன்றாக வரும். பந்தியில் பரிமாறிய கறிவகை வரும். குடக்காரர் குறுக்கே ஒரு கேலி போடுவார். அதற்குப் பதில் கேலி வரும். கூட்டம் சிரிக்கும். அரைமணி நேரம் போனதே தெரியாது. நடை திறக்கப்போகிறது என்று சாடை கிடைத்ததும் கதை மறுபடி ஓட்டம் பிடிக்கும். நல்ல குரல் எத்தனையோ பேருக்கு உண்டு. கதையை நீட்டவும் சுருக்கவும் தெரிந்தவரையே ஊர் அடுத்த கொடைக்கும் கூப்பிடும்.

இத்தனை கணக்கும் எதற்கு? நடுச்சாமத்தில் நடை திறக்கும்போது, கதை அந்தச் சாமி உயிர்விட்ட இடத்தில் நிற்க வேண்டும். தெற்கத்திச் சாமிகளில் பலர் ஒரு காலத்தில் மனிதராக வாழ்ந்து, கொலையுண்டு, பிறகு தெய்வமானவர்கள். நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்தவன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, செருப்புத் தைத்து, மாடு காத்து வாழ்கிறான். மாடு திருட வந்தவர்களோடு மோதிச் சாகிறான். மனைவியர் இருவரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. பட்டன் வெட்டுப்பட்டு விழும் அடியை அண்ணாவி பாடும்போது சாமியாடியின் உடம்பு உதறத் தொடங்கும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வில்லுப்பாட்டு பற்றி எழுதிய நூலில் இதைத்தான் விரிவாகப் பேசுகிறார்: சிவனருளால் பிறந்த தெய்வங்களின் கதை ஒரு வகை, செத்துத் தெய்வமானவர்களின் கதை இன்னொரு வகை, சாமியாட்டம் உச்சத்துக்குப் போவது இரண்டாவதில்.

சாமி இறங்கிவிட்டால் மேளத்தின் முறை. நாதஸ்வரமும் தவிலும் பம்பையும் தமுக்குமாக மேளக்காரர்கள் சாமியாடியை நெருங்கி வளைத்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்வரை சினிமாப் பாட்டு வாசித்துப் பையன்களை ஆடவிட்ட அதே நாதஸ்வரம்தான். இப்போது தவில்காரரின் கண் சாமியாடியின் காலை விட்டு அகலாது. கால் வேகமெடுத்தால் தாளமும் வேகமெடுக்கும். கால் தளர்ந்தால் உசுப்பிவிட வேண்டிய பொறுப்பும் அவருடையது.

கணியான் கூத்தில் வில்லும் குடமும் கிடையாது. நின்றபடி பாடும் அண்ணாவி, பின்பாட்டுக்காரர், மகுடம் என்னும் தோற்கருவி இரண்டு, பெண் வேடமிட்டுச் சலங்கை கட்டி ஆடும் இரண்டு ஆண்கள். மகுடங்களில் ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். தோல் தளர்ந்தால் தீயில் காட்டிச் சுருதி ஏற்றிக்கொள்வார்கள். கணியான்கள் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் உள்ள சிறிய சமூகம். சாமக்கொடையில் கணியான் தன் கையைக் கீறிச் சுடலைக்கு ரத்தம் கொடுக்கும் கைவெட்டுச் சடங்கும் உண்டு. வெறும் பாட்டுக்கூலி வாங்கிக்கொண்டு போகிறவரிடம் எந்த ஊரும் இதைக் கேட்காது.

வில்லு, கோயிலை விட்டு மேடைக்குப் போன கதையும் உண்டு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லில் காந்தி மகான் கதை சொன்னார். அவரோடு சென்னைக்குப் போன நெல்லைச் சீமைக்காரர் சுப்பு ஆறுமுகம் வானொலியிலும் சபாக்களிலும் வில்லுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022இல் மறைந்தார். அந்த மேடைகளில் கதைக்கு முன்கூட்டியே நேரம் குறித்திருப்பார்கள், கைத்தட்டலும் உண்டு. கொடை மேடையில் வாழ்நாளைக் கழித்தவர்களை வெளியூர் அவ்வளவாக அறியவில்லை. குமரி மாவட்டத்தின் பூங்கனி, ஆண்கள் நிறைந்திருந்த இந்தத் துறையில் அண்ணாவியாக உட்கார்ந்து ஊர் ஊராகப் பாடியவர். முதுமையில் வறுமையோடு வாழ்ந்து 2018இல் காலமானார்.

இப்போதைய கொடைகளில் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. விழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாள்வரை நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்வு தரலாம். சாமக்கொடையோ நள்ளிரவில்தான் சூடு பிடிக்கும். எனவே சில ஊர்களில் கதையை முன்மாலைக்கு இழுக்கிறார்கள். சில ஊர்களில் மைக்கை அணைத்துவிட்டு வெறுங்குரலில் பாடுகிறார்கள். ராப்பொழுது முழுக்கப் பாடிய கதை இரண்டு மணி நேரத்துக்குள் நெருக்கப்படுகிறது.

அப்படி நெருக்கும்போது அண்ணாவி முதலில் வெட்டுவது நாட்டு வளம். அடுத்துப் போவது கல்யாணப் பந்தி, குடக்காரரின் கேலி. கேட்க வந்தவர்கள் ரசித்ததெல்லாம் இந்தப் பகுதிகளைத்தான். சாமி உயிர்விடும் இடத்தை மட்டும் ஓர் அடிகூடக் குறைக்க மாட்டார். குறைத்தால் கமிட்டி கோபிக்காது, கூட்டமும் கவனிக்காது. சாமியாடி எழுந்திருக்க மாட்டார். அப்புறம் ஊர் வரி போட்டு, மூன்று நாள் உலை வைத்ததற்கு என்ன அர்த்தம்?

எழுந்த சாமி என்ன சொல்கிறது, யாரிடம் கணக்குக் கேட்கிறது?

(அடுத்த வாரம்: சாமியாடிகள்)