இரண்டு தவணையில் திரும்பும் நெருப்பு

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் மழைக்காலம் பிறந்தால் திராட்சைப் பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் வாளிகள் வந்து உட்கார்ந்துவிடும். ஒன்றில் மயில்துத்தம் நீல நிறத்தில் கரைந்துகொண்டிருக்கும். இன்னொன்றில் சுட்ட சுண்ணாம்புக் கல். அடிச்சாம்பல் நோய் இலையில் ஏறுவதற்குள் போர்டோ கலவை அடித்தாக வேண்டும். ஒரு சதவீதக் கலவைக்கு நூறு லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. பிரான்சின் போர்டோ வட்டாரத்துத் திராட்சைக்காக 1885-ல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் அறிவித்த மருந்து இது. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கும் இன்றுவரை கைகொடுக்கிறது.

நமக்கு இந்த வாரம் வேண்டியது இரண்டாவது வாளி. சுண்ணாம்புக் கல்லின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் முதலில் ஒன்றும் நடப்பதில்லை. கல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சும்மா கிடக்கும். சில விநாடிகளோ ஒரு நிமிடமோ கழித்துக் கல்லில் ஒரு கீறல் விழும். உஸ்ஸென்று சத்தம் வரும். பிறகு ஆவி கிளம்பி, கல் வெடித்துச் சிதறி, வாளி முழுக்கக் கொதகொதவென்று வெள்ளைக் குழம்பு பொங்கும். அடுப்பும் கிடையாது, விறகும் கிடையாது. கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போய்விடும் என்பதால் அனுபவப்பட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றுவார்கள்.

சூடு ஆறும் முன் அவசரப்பட்டு மயில்துத்தக் கரைசலோடு கலந்தால் மருந்து கெட்டுவிடும். வானநீலத்தில் மிருதுவாக வரவேண்டிய செம்பு ஹைட்ராக்சைடு சூட்டில் கருத்து, திரிதிரியாகி, தெளிப்பானின் மூக்கை அடைக்கும். இலையிலும் ஒட்டாது. கலந்தபின் பளபளக்கும் இரும்புக் கத்தியை முக்கிப் பார்ப்பதும் வழக்கம். கத்தியில் செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் ஊற்ற வேண்டும். பிளஸ் டூ ஆய்வகத்தில் செய்யும் பரிசோதனையைவிட இது ஒன்றும் மட்டமில்லை.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

காளவாசலிலிருந்து. சுண்ணாம்புப் பாறை என்பது கால்சியம் கார்பனேட். அதைக் கரியோடோ விறகோடோ அடுக்கி, 900 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுட்டால் கரியமில வாயு பிரிந்துபோய், சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 100 கிலோ பாறை போட்டால் கையில் கிடைப்பது 56 கிலோ. பாக்கி 44 கிலோ வாயுவாகிக் காற்றோடு போய்விடுகிறது. ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1750-களில் தராசு வைத்து இந்த எடைக் குறைவைப் பிடித்தபோதுதான் கரியமில வாயு என்று ஒன்று தனியாக இருப்பதே துலங்கியது. பாறையைப் பிளக்க நெருப்பு ஓயாமல் வெப்பம் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 56 கிராம் சுண்ணாம்பு கிடைக்கச் சுமார் 178 கிலோ ஜூல். பாடப்புத்தகம் இதை வெப்பம் கொள் வினை என்கிறது.

இந்த 178 எங்கும் தொலைந்துபோவதில்லை. காளவாசலில் வாங்கிய கடன் அது. சுண்ணாம்பு அதை இரண்டு தவணையாகத் திருப்பிக் கட்டுகிறது. தண்ணீர் பட்டதும் வாளியில் பொங்கியது முதல் தவணை. அதே 56 கிராமுக்குச் சுமார் 65 கிலோ ஜூல். ஒரு கிலோ சுண்ணாம்புக்குக் கணக்குப் போட்டால், சாதாரணத் தண்ணீர் மூன்று லிட்டருக்கு மேல் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம். நீறிய சுண்ணாம்பு சுவரில் பூசப்பட்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகும்போது வெளிவருவது இரண்டாம் தவணை. சுமார் 113 கிலோ ஜூல். 65-ஐயும் 113-ஐயும் கூட்டினால் 178. போன பாதை எதுவானாலும் மொத்தக் கணக்கு மாறாது என்று 1840-ல் ஹெஸ் சொன்ன விதிக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. ஏனோ பாடப்புத்தகங்கள் கரியையும் மீத்தேனையும் தாண்டி வருவதில்லை.

முதல் தவணை சிறியது, ஆனால் நிமிடங்களில் வந்து சேர்ந்துவிடுகிறது. இரண்டாவது பெரிய தொகை, வருஷக்கணக்கில் இழுத்தடிக்கிறது. சுண்ணாம்பு பூசிய சுவரில் கை வைத்து யாரும் சுட்டுக்கொண்டதில்லை. ஒரு வினை எவ்வளவு வெப்பம் தரும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. முன்னதற்கான விடையை வைத்துப் பின்னதை ஊகிக்க முடியாது. வெப்பவியலைப் பதினொன்றாம் வகுப்பிலும் வேகவியலைப் பன்னிரண்டாம் வகுப்பிலும் படிக்கிற பிள்ளைகள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நிறைய வெப்பம் தருகிற வினை வேகமாகவும் நடக்கும் என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணைக் கோட்டை விடுவார்கள்.

இரண்டாம் தவணை ஏன் இவ்வளவு தாமதம்? காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நான்கு பங்கு சொச்சம்தான். அந்தச் சொற்பமும் காரையின் நுண்துளைகள் வழியே நுழைந்து, ஈரத்தில் கரைந்து, பிறகுதான் சுண்ணாம்பைத் தொட முடியும். வெளிப்புறம் இறுக இறுக உள்ளே போகும் வழி நீண்டுகொண்டே போகிறது. ஆழம் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்கு. ஒரு பேச்சுக்கு, முதல் ஒரு சென்டிமீட்டர் இறுக ஒரு வருஷம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து சென்டிமீட்டருக்கு நூறு வருஷம். ஒரு மீட்டருக்குப் பத்தாயிரம் வருஷம்.

வீட்டுச் சுவருக்கு இது பரவாயில்லை. பல மீட்டர் தடிமனில், ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற அணையைக் கட்ட வேண்டுமென்றால்?

அந்தக் கேள்வி 1887-ல் முல்லைப் பெரியாற்றுக்கு நடுவே நின்றது. பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் வேலை தொடங்கிய வருஷம் அது. மேற்கே ஓடும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்ப வேண்டும். தொடக்கத்தில் கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மலைக்காய்ச்சல் ஆட்களை வாரியது. சுமார் 176 அடி உயரம், 1,200 அடி நீளத்தில் எழுந்த அணையை 1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். அணை இருப்பது இன்றைய கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். பராமரிப்பு தமிழ்நாட்டின் கையில். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் இருப்பதும், ஜனவரி 15-ல் அவர் பிறந்தநாளுக்கு ஊர் ஊராகப் பொங்கல் வைப்பதும் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அணையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் அதிகம் பேசுவதில்லை.

முன்னும் பின்னும் கருங்கல் கட்டு. நடுவே, அணையின் பெரும்பங்காக நிறைந்திருப்பது சுண்ணாம்பு சுர்க்கி கான்கிரீட். சுர்க்கி வேறொன்றுமில்லை, சுட்ட களிமண்ணை, அதாவது செங்கல்லை, இடித்த தூள். போர்ட்லாண்ட் சிமெண்ட் அப்போது இருந்தது. 1824-லேயே இங்கிலாந்தில் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் இந்தியாவில் ஆலை இல்லை. கப்பலில் வந்தாக வேண்டும். சென்னையில் சிமெண்ட் தயாரிக்க முதல் முயற்சி நடந்ததே 1904-ல்தான்.

சுர்க்கியின் வேலை கரியமில வாயுவுக்காகக் காத்திராமல் சுண்ணாம்பை இறுகவைப்பது. ஆற்று மணலில் இருப்பதும் சிலிக்காதான், செங்கல்லிலும் சிலிக்கா உண்டு. மணலோ சுண்ணாம்பை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதன் அணுக்கள் படிகத்தில் இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கின்றன. அந்தக் கட்டைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல் சாதாரண வெப்பநிலையில் கிடைக்காது. களிமண்ணைச் சுடும்போது அதன் அமைப்புக்குள் இருந்த நீர் வெளியேறி, அடுக்குகள் குலைந்துவிடுகின்றன. குலைந்த சிலிக்காவும் அலுமினாவும் ஈரத்தில் சுண்ணாம்போடு சேர்ந்து, நீரில் கரையாத கால்சியம் சிலிகேட் பசையாக மாறும். காற்று வேண்டாம். தண்ணீருக்கடியிலும் நடக்கும். ரோமாபுரிக்காரர்கள் எரிமலைச் சாம்பலை வைத்துச் செய்ததை எரிமலை இல்லாத நம் பக்கத்தில் சூளையை வைத்துச் செய்தார்கள்.

மணலின் கட்டைப் பிரிக்கத் தேவைப்படும் அந்த ஆற்றலைத்தான் கிளர்வு ஆற்றல் என்று மாணவர்கள் படிக்கிறார்கள். வெப்பநிலை ஏற ஏற வினை ஏன் வேகம் பிடிக்கிறது என்பதை அதைக்கொண்டு ஸ்வீடனின் அர்ஹீனியஸ் விளக்கியது 1889-ல். சிமெண்டின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து, அதை இறுகவைப்பது எந்தச் சேர்மம் என்று பாரிஸில் லீ சாட்லியர் ஆய்வேட்டில் எழுதியது 1887-ல். வேகவியலும் காரை வேதியியலும் ஐரோப்பாவில் காகிதத்தில் ஏறிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், பெரியாற்றுக் காட்டில் சுண்ணாம்புக் கலவை அரைபட்டுக்கொண்டிருந்தது. அணையைக் கட்டியவர்களிடம் சமன்பாடு இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கொத்தனார்கள் வேலை செய்து தெரிந்துகொண்ட பக்குவம் இருந்தது.

அந்தப் பக்குவம் முழுக்க வேகம் பற்றியதுதான். செங்கல்லை ஏன் மாவாக இடிக்க வேண்டும்? ஒரு சென்டிமீட்டர் கனசதுரத் துண்டுக்கு வெளிப்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் துகள்களாக்கினால் அறுநூறு. சுண்ணாம்பு தொடக்கூடிய இடம் நூறு மடங்காகிவிடுகிறது. செங்கல்லும் பதமாக வெந்திருக்க வேண்டும். வேகாத களிமண் சேராது. அதிகம் வெந்து கண்ணாடிபோல் உருகி இறுகியதும் மந்தமாகிவிடும். சுண்ணாம்பிலும் அதே கதை. காளவாசலில் அளவுக்கு மீறி வெந்த கல்லின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிவிடும். தண்ணீர் ஊற்றினாலும் உடனே நீறாது. சுவரேறி வாரங்கள் மாதங்கள் கழித்து உள்ளே நீறி, உப்பி, பூச்சில் சின்னச் சின்னக் கொப்புளமாக வெடிக்கும். பழைய கொத்தனார்கள் சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறப்போட்டு, சல்லடையில் வடித்த பிறகே கரண்டியைக் கையில் எடுத்தது இதனால்தான்.

மெதுவாக இறுகுவதில் ஒரு லாபமும் இருந்தது. சிமெண்ட் இறுகுவது வெப்பம் உமிழ் வினை. அந்த வெப்பத்தில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே வெளியாகிவிடுகிறது. வீட்டுக் கூரையில் அது காற்றோடு போய்விடும். அணையின் நடுவில் போக வழியில்லை. உள்ளே சூடு, வெளியே குளிர்ச்சி என்றானால் கான்கிரீட் விரிசல் விடும். 1930-களில் அமெரிக்காவில் ஹூவர் அணையைக் கட்டியபோது, அப்படியே விட்டால் சூடு தணிய 125 வருஷம் ஆகும் என்று பொறியாளர்கள் கணித்தார்கள். கான்கிரீட்டுக்குள் 582 மைல் நீளத்துக்கு இரும்புக் குழாய் பதித்துக் குளிர்நீர் ஓட விட்டார்கள். சுண்ணாம்பு சுர்க்கிக்கு அந்தத் தொல்லை இல்லை. வாளியில் பொங்கும் முதல் தவணை கலவை போடுவதற்கு முன்பே கழிந்துவிடுகிறது. மிச்சம் கசியும் வேகத்துக்குக் கல்லே அதை வெளியே கடத்திவிடும்.

நஷ்டமும் உண்டு, மறைப்பதற்கில்லை. சுர்க்கியோடு சேராமல் மிஞ்சும் சுண்ணாம்பு தண்ணீரில் கரையும். லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிராம் அளவுக்கு. வேடிக்கை என்னவென்றால் அது சூட்டைவிடக் குளிரில்தான் அதிகம் கரைகிறது. கரையும்போது வெப்பத்தை உமிழ்வதால், லீ சாட்லியர் தத்துவப்படி, சூடேற்றினால் பின்வாங்குகிறது. கொதிநீரில் பாதிகூடக் கரையாது. மலைமேல் தேங்கும் நீர் குளிர்ச்சியானது. ஆகவேதான் கசிவுநீர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளந்து வைக்கிறார்கள். எவ்வளவு சுண்ணாம்பு கரைந்து போயிருக்கும் என்ற வாதம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1979-க்குப் பின் அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி வைத்து, எஃகு வடங்களால் அடிப்பாறையோடு பிணைத்து, பின்புறம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். 2014 மே 7 தீர்ப்பில் அணை பாதுகாப்பானது என்று கூறி, 142 அடிவரை தண்ணீர் தேக்க நீதிமன்றம் அனுமதித்தது.

சுர்க்கியின் வாரிசு இன்று தேனி கடைவீதியில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. பிபிசி (PPC) என்று அச்சிட்ட சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம்வரை அனல்மின் நிலையச் சாம்பல் கலக்கலாம் என்று இந்தியத் தரக்கட்டுப்பாடு அனுமதிக்கிறது. நெருப்பில் குலைந்த அதே சிலிக்கா, சிமெண்டிலிருந்து விடுபடும் சுண்ணாம்போடு சேரும் அதே மந்தமான வினை. சூடு குறைவு, வெடிப்பு குறைவு. ஆனால் வலுப்பெற நாள் பிடிக்கும், அதுவரை ஈரம் காயக்கூடாது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள் நனைத்தால் போதும் என்கிற அதே விதிநூல், சாம்பல் கலந்ததற்குப் பத்து நாள் கேட்கிறது. வீடு கட்டுகிறவர்கள் மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப மேஸ்திரியிடம் நாள் கணக்குப் பேசிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் வாழைத்தார். சின்னமனூர்ப் பக்கம் வெட்டும் காய் வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறும்போது குளிர்பெட்டியின் வெப்பநிலையை 13 டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே இறக்கினால் தோல் கருக்கும். மேலே ஏறினால் கரை சேருமுன் பழுக்கத் தொடங்கும். அர்ஹீனியஸை அங்கே மறுபடி சந்திக்கலாம்.

(தொடரும்)